தூக்கினா சத்தம் போடுற கோப்பை: கழுவலாமா?

2024 ஜூலை 6, பிற்பகல் 3.10 – அக்கரைப்பற்று வாசகி கேட்டது

எங்கட காக்கா (மூத்த அண்ணன்) கட்டார்ல இருந்து ஒரு கோப்பை அனுப்பியிருந்தார். கையில தூக்கினா மைதானத்தில சனம் கத்துற சத்தம், விசில், கைதட்டு எல்லாம் வரும். கீழ வெச்சா நிண்டுரும். நேத்து உம்மா அதைக் கழுவிக் கவுத்து வெச்சா. அதில இருந்து நிப்பாட்டாமக் கத்துது. நிமித்தி மேசையில வெச்சும் சரிவரல்ல. ராவைக்கு லைட்டை நூத்தாப் பேசாம இருக்கும், விடிஞ்சா மறுகா துவங்கும். பழுதாப் போச்சா? கழுவ ஏலாத கோப்பையை ஏன் செஞ்சு விக்கிறாங்க?

2024 ஜூலை 6, பிற்பகல் 4.25

உங்கட மேசை கண்ணாடி போட்டதா?

2024 ஜூலை 6, இரவு 7.50

கண்ணாடிதானாம். அப்ப கோப்பைக்கு ஒண்டும் இல்ல.

அடியைத் திருப்பிப் பாருங்க. நடுவில ஒரு துவாரம், இல்லாட்டி மங்கலான பிளாஸ்டிக் வட்டம் ஒண்டு இருக்கும். அதுக்குப் பின்னால கிடக்கிறது வெளிச்சம் பட்டா மின்தடை குறையிற ஒரு வில்லை. எல்.டி.ஆர். எண்டு கேட்டா ரேடியோச் சாமான் விக்கிற கடையில எடுத்துத் தருவாங்க. மேசையில வெச்சா அடி இருட்டு, சத்தம் இல்ல. தூக்கினா வெளிச்சம் படும், சனம் கத்தும். உம்மா கவுத்து வெச்ச நேரம் அடி ஆகாயத்தைப் பாத்துக்கொண்டு கிடந்திருக்கு. நிமித்தினதுக்குப் பிறகு கண்ணாடிக்குக் கீழால வெளிச்சம் ஏறியிருக்கு. தன்ட வேலையை அது ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. மேசையில தடிச்ச துணி ஒண்டை விரிச்சு அதுக்கு மேல வையுங்க.

கழுவலாம். உள்பக்கத்தைச் சவுக்காரம் போட்டு வழமைபோலக் கழுவுங்க. அடியைத் தண்ணிக்குள்ள அமுக்க வேணாம், ஈரத்துணியால துடைச்சாக் காணும். மைக்ரோவேவுக்குள்ள வைக்கிற எண்ணமே வேணாம். அடியில பற்றரியும் கம்பியும் இருக்கு.

2024 ஜூலை 7, காலை 10.15

காத்தான்குடியில இருந்து ஒருத்தர், தன்ட கோப்பையில துவாரம் இல்ல, சின்னக் குமிழ் ஒண்டுதான் இருக்கு எண்டு எழுதியிருக்கார். ஓம், எல்லாம் ஒரே சாதி இல்ல. நான் கல்லடியில ரேடியோ, ரிவி திருத்துற ஆள். ஊருக்குள்ள யாருக்கும் வெளிநாட்டில இருந்து இப்பிடி ஒரு சாமான் வந்து வாய் மூடினா, கடைசியா என்ட மேசைக்குத்தான் வரும்.

குமிழ் எண்டது ஸ்பிரிங் போட்ட சுவிட்ச். கோப்பைட பாரம் அதை அமுக்கி வெச்சிருக்கும். தூக்கினா வெளிய தள்ளும், சத்தம் துவங்கும். சீனி போட்ட தேத்தண்ணி வழிஞ்சு குமிழைச் சுத்திக் காஞ்சா அது உள்ளயே ஒட்டிப்பிடிச்சுரும். சுடுதண்ணியில நனைச்ச துணியால ஒத்தி எடுத்தா விட்டுரும். மெல்லிசான பிளாஸ்டிக் கிளாசுக்கு இன்னொரு கரைச்சல். வெறுமையா இருக்கேக்க அமுக்கப் பாரம் காணாது, சும்மா வெச்ச இடத்திலயே பாடும்.

மற்றது சரிச்சாத்தான் கத்தும். உள்ள ஒரு சின்னக் குழாய், அதுக்குள்ள ஓடித்திரியிற உலோக உருண்டை. குடிக்கச் சரிக்கிற நேரம் உருண்டை போய் ரெண்டு முனையையும் தொடும்.

நான் விரும்பிறது கடைசிச் சாதி. கிளாஸ்ட உள்ளடியில ரெண்டு உலோகப் புள்ளி தெரியும். தண்ணி ரெண்டையும் நனைச்சா தண்ணிக்குள்ளால துளி மின்சாரம் பாயும், அது காணும் சிப்பை எழுப்ப. ஊத்தினவுடன லைட் எரியிற கிளாசுகள் கல்யாண வீடுகளில பாத்திருப்பீங்க, அதுவும் இந்த வேலைதான். தண்ணியில உப்பு எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லாப் பாயும். கடற்கரைப் பக்கத்து வளவுக் கிணத்துத் தண்ணிக்கு இதில ஒரு தனி மரியாதை உண்டு.

2024 ஜூலை 7, காலை 10.40

விட்டுப்போச்சு. கவுத்து நிமித்தினா மாடு கத்துற டப்பா ஒண்டு திருவிழாக் கடைகளில வாறது. அதில பற்றரியே இல்ல. உள்ள ஒரு பாரம் மெல்ல இறங்கிக் காத்தைத் தள்ளும், காத்து நாக்குப் போட்ட ஓட்டைக்குள்ளால போகும், அதுதான் 'ம்ம்மா'. இருபது வருசத்துக்குப் பிறகு எடுத்தாலும் கத்தும். இதை மறந்திராதீங்க, நான் இதுக்குத் திரும்பி வரப்போறன்.

2024 ஜூலை 9, இரவு 9.05

'உள்ள சிப்பா, கசெட்டா?' எண்டு ஒரு பகிடிக்காரர்.

கசெட் இருந்த காலமும் உண்டு அண்ணன், கசெட்டுக்கும் முந்தினது. இங்கிலாந்தில ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட் பக்கத்தில 1930களில குரவுன் டெவன் எண்ட பேரில பாடுற ஜொக்கும் மக்கும் செஞ்சாங்க. அடியில முறுக்குவிசை போட்ட இசைப்பெட்டி. மேசையில வெச்சா ஒரு கம்பி அமுங்கிப் பல்லுச் சக்கரத்தை மறிச்சு வெச்சிருக்கும், தூக்கினா விட்டுரும். காக்காட கோப்பை செய்ற வேலையை அது கறண்டே இல்லாமச் செஞ்சது.

இப்ப வாறதுகளைத் திறந்தா ஒரு சின்னப் பலகையும் அதில ஒரு கறுப்புப் பொட்டும் கிடக்கும். பொட்டு எண்டது எப்பொக்சிப் பிசின். அதுக்குக் கீழ சிலிக்கன் துண்டு நேரா பலகையில ஒட்டியிருக்கும். அதுக்குள்ள கைவைக்க ஏலாது. திருத்தக் கூடினது பற்றரி, சுவிட்ச், சத்தம் வாற தகடு, இவ்வளவுதான். தகடு பித்தளை வட்டம், நடுவில வெள்ளைச் செராமிக். மின் ஏறி இறங்க அது வளைஞ்சு நிமிரும், அந்த நடுக்கம்தான் காதுக்கு வாறது. மெட்டுக்கு அது காணும். சனக்கூச்சல், ஆள் பேச்சு எண்டா குட்டி ஸ்பீக்கர் வேணும்.

முந்தி வாழ்த்து அட்டையிலயும் வாசல் மணியிலயும் வந்த சிப் யு.எம். 66. மூண்டு கால், பாத்தா டிரான்சிஸ்டர் எண்டுதான் நினைப்பீங்க. 64 சுரம் வரைக்கும் உள்ள எழுதி வெச்சிருக்கும், 3 வோல்ட்டில ஓடும். என்ன மெட்டு எண்டதைக் கடைசியில வாற எண் சொல்லும். 19 எண்டு முடிஞ்சா பீத்தோவன் 1810இல எழுதின 'ஃபியூர் எலிசே' எண்ட பியானோத் துண்டு. அச்சில வந்தது 1867இல, ஆள் செத்து 40 வருசத்துக்குப் பிறகு. இலங்கையில அதை யாரும் பீத்தோவன் எண்டு சொல்றல்ல. அது ரோட்டு ரோட்டாப் பாண் விக்க வாற ஓட்டோட மெட்டு. ஒருக்கா அந்தச் சிப்பைக் கூட்டாளி ஒருத்தன்ட கோப்பை அடியில போட்டுக் குடுத்தன். விடியக்காலம் அவன் முத்தத்தில நிண்டு தேத்தண்ணி குடிக்கக் கோப்பையைத் தூக்கினா, பக்கத்து வீட்டு மாமி பையோட படலைக்கு வந்து ரோட்டை எட்டிப் பாக்குறா. ஒரு கிழமை தாங்கினான், மறுகா வந்து கழட்டச் சொல்லிப்போட்டான்.

2024 ஜூலை 13, காலை 8.20

கல்முனையில இருந்து ஒரு தாய்: 'கோப்பையில பாட்டு இழுத்து இழுத்துத் தடிச்ச குரலில வருது.' பற்றரி இறங்கிப்போச்சு. வோல்ட் விழ விழ சிப்புக்குள்ள தாளம் போடுற பகுதி மெதுவாகும், சுரமும் கீழ போகும். கூடுதலா இதுகளில வாறது எல்.ஆர். 44. அதையே சில கடையில ஏ.ஜி. 13 எண்டு தருவாங்க, ரெண்டும் ஒண்டுதான், 1.5 வோல்ட்.

இதில மட்டும் பகிடி இல்ல. சின்னப்பிள்ளை இருக்கிற வீடு எண்டா, பற்றரி மூடியில திருகாணி போட்டுப் பூட்டினதுதானா எண்டு முதல் பாருங்க. நகத்தால திறக்கக் கூடினது எண்டா அந்தக் கோப்பை வேணாம். பொத்தான் பற்றரி தொண்டைக்குழாயில சிக்கினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே திசுவை எரிச்சுப்போடும். வெடிக்கவும் தேவையில்ல, உடையவும் தேவையில்ல. எச்சில் பட்டு மின் பாயுற இடத்தில காரம் உண்டாகி அரிக்கும். 20 மில்லிமீற்றர் அகலமான சி.ஆர். 2032 போல லித்தியம் வில்லைகள்தான் மோசம். அதுட அகலம் பிள்ளையிட தொண்டையில சரியா மாட்டிக்கொள்ளும், வோல்ட்டும் 3. விழுங்கினதா ஐமிச்சம் வந்தாலே நேரா ஆசுபத்திரி. சத்தி எடுக்க வைக்கக்கூடாது. பழசைக் கழட்டினாலும் லாச்சிக்குள்ள சும்மா போடாம ரேப் சுத்தி எறியுங்க.

2024 ஜூலை 14, மாலை 5.30

நேத்தையக் குறிப்புக்குப் பிறகு ரெண்டு மூண்டு பேர் தங்கட கோப்பைகளைத் திறந்து படம் அனுப்பியிருக்காங்க. எல்லாத்திலயும் அதே வெள்ளைத் தூள். பற்றரியில இருந்து கசிஞ்ச காரம் காஞ்சது. தேசிக்காய்ப் பாதியைப் பஞ்சில தொட்டு ஒத்துங்க, நுரைச்சு விடும். மறுகா துடைச்சு, வெயிலில காயவெச்சுப் புதுப் பற்றரி. கம்பி பச்சை பிடிச்சிருந்தா அது கடல்காத்துட வேலை, அதை வெட்டிப் புதுசு போட்டு ஈயம் வைக்கோணும்.

நானும் ஒருக்கா இணையக் கடை ஒண்டில 'கதைக்கிற கோப்பை' எண்டு ஒண்டு எடுத்தன். பெட்டியைத் திறந்தா வெறும் கோப்பை, அடியில வட்டமா ஒரு பள்ளம் மட்டும். சத்தப் பெட்டி தனிக் காசாம். பேர் சொல்லல்ல, விடுங்க. அந்தக் கோப்பையில இப்ப ஆணி போட்டு வெச்சிருக்கன், கிலுகிலு எண்டு சத்தம் போடுது. கதைக்கிறதாவே எடுத்துக்கொள்றன்.

2024 ஜூலை 20, இரவு 11.40

போயா, பூரணை நாள். வாவியில மீன் பாடுறதாச் சொல்றதைக் கேக்கக் கல்லடிப் பாலத்தில சனம். பழைய பாலத்தில நிண்டு, வந்து இதை எழுதுறன்.

சத்தம் போடுற கோப்பையைப் பற்றி மட்டக்களப்பில இருந்து எழுதிக்கொண்டு, வாவியைச் சொல்லாம இருந்தா அது பாவம். 1848 செப்டம்பரில ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் எண்ட வெள்ளைக்காரத் துரை இஞ்ச வந்து, தோணியில போய்க் காது குடுத்திருக்கார். 1859இல வந்த தன்ட இலங்கைப் புத்தகத்தில, தண்ணிக்குள்ளால வந்த சத்தத்துக்கு அவர் சொன்ன ஒப்பு என்ன தெரியுமா? ஈரவிரலால விளிம்பைத் தேய்க்க அதிருற வைன் கிளாஸ். ஒரே சுரம் நீண்டு கிடக்கல்ல, கன சின்னச் சின்னச் சத்தம், ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெளிவா இருந்திச்சு எண்டும் எழுதியிருக்கார். மீனவர்கள் அவருக்கு ஊரியை, அதாவது ஓட்டுக்குள்ள இருக்கிற நத்தை மாதிரிப் பிராணியைக் காட்டி இதுதான் அழுகிறது எண்டிருக்காங்க. மீனா ஊரியா எண்ட சண்டை அண்டையில இருந்து இண்டைக்கு வரைக்கும் பாலத்தில நடக்குது, இண்டைக்கும் எனக்குப் பக்கத்தில நடந்திச்சு. காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் மீனையும் விட்டு ஊரியையும் விட்டு, நீரரமகளிர், அதாவது தண்ணித் தேவதைகள் பாடுறதா வெச்சுப் பாட்டே கட்டிப்போட்டார். அவர் யாழைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ஞ்ச மனிசன், காதில என்ன விழுந்தாலும் ஏழு சுரத்துக்குள்ள பிடிச்சுப்போடுவார்.

கேட்டீங்களா எண்டு கேப்பீங்க. புதுப் பாலத்தால மோட்டர் சைக்கிள் போன சத்தம் வடிவாக் கேட்டிச்சு.

2024 ஜூலை 21, பிற்பகல் 1.00

'இழையிட தலைப்பு கோப்பை, நீங்க மீன் பிடிக்கிறீங்க' எண்டு ஒரு முறைப்பாடு.

மீன் இல்ல, கிளாஸ். டெனன்ட் சொன்ன கிளாஸ் பற்றரி இல்லாமச் சத்தம் போடுறது. வீட்டில மெல்லிய கண்ணாடிக் கிளாஸ், காலுள்ளது எண்டா இன்னும் நல்லது, இருந்தா செஞ்சு பாருங்க. விரலில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது, சவுக்காரம் போட்டுக் கழுவோணும். ஈரவிரலை விளிம்பில மெல்ல அழுத்திச் சுத்தினா, விரல் பிடிச்சும் வழுக்கியும் போக, கிளாஸ் நடுங்கிப் பாடும். தண்ணி கூட ஊத்த ஊத்தச் சுரம் இறங்கும், ஏனெண்டா நடுங்கிற கண்ணாடி தண்ணிட பாரத்தையும் சேத்து ஆட்டோணும். ஜலதரங்கக்காரர் கிண்ணங்களில தண்ணியைக் கூட்டிக் குறைச்சு சுருதி சேக்கிறது இந்தக் கணக்கில. பெஞ்சமின் பிராங்ளின் 1761இல கண்ணாடிக் கிண்ணங்களை ஒரு அச்சில கோத்து, சுத்தவிட்டு, ஈரவிரலால வாசிக்கிற கருவியே செஞ்சார்.

இப்ப சோடாப் போத்தல் வாயில ஊதிப் பாருங்க. தண்ணி கூட ஊத்தினா சுரம் ஏறும். இஞ்ச பாடுறது கண்ணாடி இல்ல, உள்ள மிச்சமிருக்கிற காத்து. காத்துக்கு இடம் குறையக் குறையச் சுரம் மேல. தண்ணி ஒண்டுதான், ஒண்டில இறங்குது, மற்றதில ஏறுது. பள்ளிக்கூடத்தில இதை ஏன் எங்களுக்குக் காட்டல்ல எண்டு எனக்கு இண்டைக்கும் கோவம்.

2024 ஜூலை 28, இரவு 8.15

இண்டைக்குக் காத்தான்குடியில ஒரு தேத்தண்ணிக் கடையில இருந்து யோசிச்சது. கடைக்கார நானா ரெண்டு கைக்கும் இடையில ஒரு முழத்துக்கு மேல இழுத்து ஆத்துறார். கிளாஸ் முழுக்க நுரை. கரண்டிப் பிடியால கிளாஸ்ட அடியைத் தட்டத் துவங்கினன். முதல் தட்டு மொத்தையா 'டொம்'. அடுத்தது கொஞ்சம் மேல. அடுத்தது இன்னும் மேல. கொஞ்ச நேரத்தில சாதாரணக் கிளாஸ் சத்தம். ஒரே கிளாஸ், ஒரே இடம், ஒரே தட்டு. நானா 'கிளாஸ உடைச்சிராதீங்க தம்பி' எண்டார்.

இது என்ட கண்டுபிடிப்பு இல்ல. பிராங்க் கிராஃபோர்ட் எண்ட அமெரிக்க இயற்பியல்காரர் 1982இல இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அவர் தட்டினது சூடான சொக்லேட் கோப்பையை. தூள் கலக்க, ஆத்த, தண்ணிக்குள்ள குட்டிக் காத்துக்குமிழிகள் நிறையும். குமிழி கலந்த தண்ணிக்குள்ள சத்தம் வெறும் தண்ணியை விட எவ்வளவோ மெதுவாப் போகும், அதனால சுரம் கீழ. குமிழி மேல ஏறிப் போகப் போக வேகம் கூடும், சுரம் ஏறும். சரியாச் செஞ்சா கிட்டத்தட்ட மூண்டு ஸ்தாயி ஏறுமாம். கட்டார்க் கோப்பை ஒரே கூச்சலைத்தான் திரும்பத் திரும்பப் போடும். ஆத்தின தேத்தண்ணி ஒவ்வொரு முறையும் வேற மாதிரிப் போகுது, ஒரு சதம் பற்றரிச் செலவும் இல்ல.

2024 ஜூலை 29, காலை 7.05

செஞ்சு பாத்துச் சரிவரல்ல எண்டு எழுதினவருக்கு: நீங்க தட்டினது பக்கச் சுவர். அடியில தட்டோணும். மற்றது, மேல நிக்கிற நுரை கணக்கில்ல, தேத்தண்ணிக்குள்ளயே குமிழி இருக்கோணும். மைலோவைச் சுடுதண்ணியில போட்டு நல்லாக் கலக்கிப்போட்டு, கலக்கின கையோட தட்டுங்க.

பக்கச் சுவரில தட்ட ஆசை எண்டா கைபிடி உள்ள பீங்கான் கோப்பையை எடுங்க. கைபிடிக்கு நேர் எதிரே தட்டினா ஒரு சுரம். கைபிடிக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் சரி நடுவில தட்டினாலும் அதே சுரம். அந்த ரெண்டுக்கும் இடையில, அதாவது 45 பாகை தள்ளித் தட்டினா கொஞ்சம் மேல. முதல் சாதி நடுக்கத்தில கைபிடிட பாரமும் சேந்து ஆடுது, மற்றதில கைபிடி இருக்கிற இடம் ஆடாம நிக்குது, அதுதான் வித்தியாசம். கைபிடி இல்லாத கிளாசில இது வராது.

2024 ஆகஸ்ட் 5, மாலை 6.45

நேத்து ஆடி அமாவாசை, மாமாங்கத்தில தீர்த்தம். அமிர்தகழிப் பக்கம் போக வர ஏலாத சனம். ரோட்டோரக் கடையில தண்ணி ஊத்தி ஊதிற பிளாஸ்டிக் குருவி விசில் வாங்கினன். இந்த வயசில எனக்குத்தான், பேரப்பிள்ளைக்கு எண்டு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. வெறும் விசிலா ஊதினா ஒரே சுரம். பாதிக்குத் தண்ணி விட்டா, ஊதிற காத்து தண்ணியைக் குழப்ப, காத்திருக்கிற இடம் கூடிக் குறைய, குருவி கொஞ்சிற மாதிரி வரும்.

இதைக் குடிக்கிற பாத்திரத்திலயே செஞ்ச ஆக்கள் தென்னமெரிக்காவில இருந்திருக்காங்க. பெருட வடகரையில மோச்சே, சிமு எண்ட சனங்கள் ரெட்டை மண்போத்தல் செஞ்சாங்க. ரெண்டு வயிறு, கீழ ஒரு குழாயால தொடுத்திருக்கும். ஒண்டுட கழுத்தில குருவி உருவம், அதுக்குள்ள விசில். சரிச்சா தண்ணி ஒரு வயித்தில இருந்து மற்றதுக்கு ஓடும், அங்க இருந்த காத்து விசிலுக்குள்ளால வெளிய வரும். ஊதவும் தேவையில்ல, கோப்பையைச் சரிக்கிறவன்ட கைதான் பாடகர்.

மாட்டு டப்பாவுக்குத் திரும்பி வாறன் எண்டன் அல்லவா. என்ட கட்சி இதுதான்: சத்தம் கோப்பையில இருந்தே பிறக்கோணும், தண்ணியும் காத்தும் களிமண்ணும் சேந்து. அடியில ஒட்டின பெட்டி கத்துறது, கோப்பை கத்துறதில்ல. முதல் நாள் சிரிப்பாங்க, மூண்டாம் நாள் பற்றரியைக் கழட்டச் சொல்லுவாங்க. நான் கண்டது அவ்வளவும் அப்பிடித்தான்.

2024 ஆகஸ்ட் 11, பிற்பகல் 2.30

ஆனா இதை யோசிச்சுக்கொண்டே இருந்ததில ஒரு சாமான் குறுக்க வந்து நிண்டுட்டுது.

என்ட பெரியம்மாவுக்கு இப்ப ரெண்டு கண்ணும் தெரியா, குளுக்கோமா. ஆரையம்பதியில மச்சாளோட இருக்கிறா. கண் தெரியாத ஆக்களுக்கு எண்டு கோப்பை விளிம்பில கொழுவிற ஒரு சின்னப் பெட்டி வெளிநாட்டில விக்கிறாங்க. உள்பக்கமா ரெண்டு மூண்டு கம்பி தொங்கும். ஊத்திற தேத்தண்ணி கம்பியைத் தொட்டவுடன 'பீப்'. சிலதில கம்பி ஒண்டு கட்டை ஒண்டு நீளம், பாலுக்கு இடம் விட ஒரு சத்தம், போதும் நிப்பாட்டு எண்டு இன்னொரு சத்தம். காது கேளாதவங்களுக்கு அதிரவும் செய்யும். நான் சொன்ன கடைசிச் சாதிட தம்பி இது, ரெண்டு உலோகப் புள்ளியை அடியில வைக்காம மேல வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். இதை விளையாட்டுச் சாமான் எண்டு தள்ள ஏலுமா?

என்ட மேசையில வாய் மூடின கோப்பைகள் கிடக்கு. செய்யப் போறன்.

2024 ஆகஸ்ட் 13, இரவு 9.50

செஞ்சாச்சு. பழைய யு.எம். 66, பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒண்டு, கோப்பை ஒண்டில கழட்டின பித்தளைத் தகடு, ரெண்டு எல்.ஆர். 44. கம்பிக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தையல்பின் ரெண்டு, விளிம்பில கொழுவப் பிளாஸ்டிக் உடுப்புக் கிளிப். தேத்தண்ணி பின்களைத் தொட்டா டிரான்சிஸ்டர் திறக்கும், சிப் பாடும். இருந்த சிப் 19தான், வேற எண் கிடைக்கல்ல.

செப்புக் கம்பி போட வேணாம். பற்றரி மின்சாரம் தண்ணிக்குள்ளால பாயேக்க செப்பு கரைஞ்சு பச்சையா இறங்கும், அதைக் குடிக்கக் கூடாது.

2024 ஆகஸ்ட் 18, மாலை 4.10

பெரியம்மாட தீர்ப்பு.

கொழுவிக் காட்டினன். மச்சாள் ஊத்தினா. பாண்காரன் வந்தான். பெரியம்மா 'இந்த நேரத்தில பாணா?' எண்டு கேட்டா. விளங்கப்படுத்தினன். சிரிச்சுப்போட்டு, 'எனக்கெதுக்கு மகன் இது? கேத்தலை இஞ்ச தா' எண்டா. வாங்கித் தானே ஊத்தினா, சரியா விளிம்புக்கு ரெண்டு விரல் கீழ நிப்பாட்டினா. ஊத்திற சத்தம் ஏறி ஏறி வரும், அந்த இடம் வந்தா நிப்பாட்டுறதாம். அதேதான், சோடாப் போத்தல் கணக்கு. மேல இருக்கிற காத்து குறையச் சுரம் ஏறுது. ஜூலை 21இல அதைப் பெரிய விசயமா எழுதினன், பெரியம்மா அதை வெச்சுத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு இருக்கிறா.

அப்ப என்ட பெட்டி வீணா? பிடிவாதமாக் கேட்டன். யோசிச்சுப்போட்டுச் சொன்னா: பக்கத்துக் கோயிலில ஸ்பீக்கர் கட்டின நாளில ஒண்டும் கேக்காதாம். வாய் அகண்ட பிளாஸ்டிக் கோப்பையிலயும் சத்தம் பிடிபடாதாம். அந்த நேரங்களில விரலை விளிம்புக்குள்ள விட்டுத்தான் ஊத்துறது, கையைச் சுட்டும் இருக்கிறா. 'ஆனா பாட்டு வேணாம். ஒரு சத்தம் போட்டா நிப்பாட்டோணும், இது முடிய மட்டும் நான் காத்துக்கொண்டு நிக்கிறதா?'

நியாயம். 64 சுரமும் முடியிற வரைக்கும் தேத்தண்ணி வழிஞ்சிரும்.

2024 ஆகஸ்ட் 25, காலை 9.30

சிப்பைக் கழட்டிப்போட்டு 3 வோல்ட் பஸர் போட்டுக் குடுத்தன். இப்ப வெறும் 'பீ'. பெரியம்மா அதைக் கோப்பையில கொழுவல்ல, குளியலறை வாளியில கொழுவியிருக்கிறா. பைப்பைத் திறந்துபோட்டுக் குசினிக்கு வந்தா மறந்துபோறது அங்கதானாம். குசினிக்குக் கேக்கோணும் எண்டு பஸரைப் பெருசாக்கச் சொல்லி மச்சாளிட்டச் சொல்லிவிட்டிருக்கிறா.

செய்ய விரும்பிறவங்களுக்கு: வாளிக்கு எண்டா பின்களை வாளியிலயும் பெட்டியைக் கதவுக்கு வெளியவும் வெச்சு, இடையில ரெண்டு இழை வயரை நீட்டுங்க, பெட்டியில ஈரம் படாது. பின்கள் ரெண்டும் தண்ணி தெறிச்சே ஒட்டிக்கொள்ளாம ஒரு விரலளவு விலகியிருக்கோணும், இல்லாட்டி வாளி காலியா இருக்கேக்கயே கத்தும். பொத்தான் பற்றரி வேணாம், பென்ரோர்ச் பற்றரி ரெண்டு போடுங்க. வரைபடம் கேட்ட மூண்டு பேருக்கும் இண்டைக்குப் பின்னேரம் அனுப்புறன்.